மாத்திரை வந்தது, வைத்தியம் வந்ததா?

கோர்ட்டில் டிக்ரி பெறுவது ஒன்று. பெற்ற டிக்ரியை நிறைவேற்றிக் கொள்வது முற்றிலும் வேறொன்று. வக்கீல் தொழிலில் சில வருஷங்களேனும் கழித்தவர் எவரும் இதை அறிவர். இந்தியாவில் வழக்காடுகிறவனுடைய தொல்லைகள் டிக்ரி கைக்கு வந்த பின்னரே தொடங்குகின்றன என்ற கருத்தைப் பிரிவி கௌன்சில் நீதிபதிகளே 1872-ம் வருஷத்தில் ஒரு தீர்ப்பில் வெளியிட்டார்கள். அதே 1872-ம் வருஷத்தில் கல்கத்தாவில் திமதி லூயிஸ் என்ற ராணுவ வைத்தியர் மனித ரத்தத்தில் நூலிழை போன்ற நுண்ணிய புழுக்கள் நெளிவதை மைக்ராஸ்கோப்பின் மூலம் கண்டார். யானைக்கால் வியாதியின் மூலத்தைப் பற்றிய பெரிய உண்மையொன்று இவ்வாறு நம் தேசத்து மண்ணிலேயே வெளிப்பட்டது. இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்துச் சொல்வது வருஷப் பொருத்தத்தின் வேடிக்கைக்காக அன்று. யானைக்கால் வியாதியின்மேல் விஞ்ஞானம் டிக்ரி பெற்று வெகு காலமாகிவிட்டது. அந்த டிக்ரி கடலூர் ஜில்லாவின் தெருக்களில் இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை. ஏன் என்பதே நம் கேள்வி.

முன்பு நாம் வக்கீல் தொழிலில் முழுநேரமும் இருந்த காலத்தில், குறிஞ்சிப்பாடிப் பக்கத்து நெசவாளர் ஒருவர் பிராமிசரி நோட்டு வழக்கொன்றில் பிரதிவாதியாக நம்மிடம் வந்தார். கடன் வாங்கியது உண்மை, கையெழுத்தும் அவருடையதே. பதில் சொல்ல நியாயம் எதுவும் இல்லை. ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை என்று கேட்டோம். அவர் ஒன்றும் பேசாமல் வேஷ்டியைச் சற்று உயர்த்திக் காட்டினார். இடது கால் முழங்காலுக்குக் கீழே தூண்போல் வீங்கியிருந்தது. "தறிக்குழியிலே கால் இறங்கலீங்க" என்றார். அவ்வளவுதான். மிதியை மிதிக்க முடியாத நெசவாளருக்குக் கூலி ஏது? கூலி இல்லாதவர் கடனை அடைப்பது எங்ஙனம்? வழக்கு அவருக்கு விரோதமாகவே முடிந்தது. கோர்ட்டுப் படிகளில் அவர் இறங்கிய விதத்தை நாம் மறக்கவில்லை. அவருடைய வியாதிக்கு அதற்கு வெகுகாலம் முன்னரே மருந்து கண்டுபிடிக்கப்பட்டிருந்தது என்பதைப் பிற்பாடு அறிந்தபோது நமக்கு உண்டான மனக்கசப்பே இக்கட்டுரைக்குக் காரணம் என்றாலும் தவறில்லை.

வியாதியின் இயல்பை முதலில் சுருங்கச் சொல்லி விடுகிறோம். நூலைப் போன்ற ஒருவகைப் புழு மனித உடலில் நிணநீர் ஓடும் குழாய்களில் குடியேறி, நான்கைந்து வருஷங்களும் அதற்கு மேலும் உயிர் வாழ்கிறது. அது ஈனும் குஞ்சுகள் பகலில் உடலின் உட்பாகங்களில் ஒளிந்திருந்து, ஊர் உறங்கிய பின் தோலுக்கடியிலுள்ள ரத்தத்தில் உலாவ வருகின்றன. இரவில் கடிக்கும் கியூலெக்ஸ் கொசு அவற்றை உறிஞ்சி எடுத்துச் சென்று, தன் உடலில் வளர்த்து, இன்னொருவர் தோலில் இறக்கிவிடுகிறது. சாக்கடையும் தேங்கிய அழுக்கு நீரும் எங்கு உண்டோ அங்கு இக்கொசு உண்டு. புழு உடலில் இருப்பவர் அநேகருக்கு வெளியே எவ்வித அடையாளமும் தெரிவதில்லை. சிலருக்கு மாத்திரம் நெறி கட்டி ஜுரம் வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. வருஷங்கள் செல்லச் செல்லக் கால் வீங்குகிறது. ஆண்களுக்கு விரை வீங்குவதும் சாதாரணம். இவ்வியாதி உயிரை வாங்குவதில்லை. அதனாலேயே சர்க்கார்கள் இதைப் பற்றி அவசரப்படாமல் இருந்துவிட்டன என்று நாம் எண்ணுகிறோம். காலராவுக்கும் பெருவாரிக் காய்ச்சலுக்கும் பயந்து விழித்துக் கொள்ளும் அதிகாரிகள், மெதுவாக ஊனமாக்கும் வியாதியைக் கண்டு துணுக்குறுவதில்லை.

சீனத்தில் ஆமாய் துறைமுகத்தில் உத்தியோகம் பார்த்த பாட்ரிக் மான்ஸன் என்பவர், புழுக்களுடைய தமது தோட்டக்காரரைக் கொசுக்கள் கடிக்கும்படி செய்து, அக்கொசுக்களின் வயிற்றில் புழு வளர்வதை 1877-ம் வருஷத்தில் கண்டார். ஒரு வியாதியைப் பூச்சி பரப்பும் வழியை மானிடர் கண்டது அதுவே முதல் தடவை. ஆயினும் செத்த கொசு விழுந்த தண்ணீரைக் குடிப்பதால் வியாதி ஒட்டுகிறது என்று அவர் தவறாக முடிவு செய்தார். கொசுவின் ஊசிமுனையிலேயே புழு காத்திருக்கிறது என்பது தெளிய 1900-ம் வருஷம் வரை செல்ல வேண்டியிருந்தது. இத்தனையும் தெரிந்த பிறகாவது மருந்து தேடினார்களா? இல்லை. மேலும் 40 வருஷங்களுக்கு மேல் எவரும் உருப்படியான ஔஷதம் ஒன்றைக் கொடுக்கவில்லை. இந்தியக் குடியானவன், சீன மீனவன், ஆப்பிரிக்க உழவன் ஆகியோரின் கால்கள் வீங்குவது உலகத்தின் பெரிய ஆராய்ச்சிக் கூடங்களுக்கு அவசரமான விஷயமாகத் தோன்றவில்லை.

இரண்டாவது மகா யுத்தம் வந்தது. பசிபிக் சமுத்திரத் தீவுகளில் இறங்கிய அமெரிக்க சிப்பாய்களில் ஆயிரக்கணக்கானோர் நெறி கட்டியும் வீங்கியும் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதன் பிறகே அமெரிக்காவில் இவ்வியாதிக்கு மருந்து தேடும் வேகம் பிறந்தது. எஜமானனுடைய கால் வலித்தால்தான் வைத்தியன் ஓடி வருவான் என்பதற்கு இதைக் காட்டிலும் நல்ல உதாரணம் சரித்திரத்தில் அகப்படுவது அரிது.

ஆனால் அந்த மருந்தைத் தேடிய ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைமை வகித்தவர் யார் என்பதை நம் நேயர்களில் பலர் அறியார். அவர் நம்மவர். 1895-ம் வருஷத்தில் அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பராவ் அவர்கள் சென்னை மெடிக்கல் காலேஜில் வைத்தியம் பயின்றவர். காந்தியடிகள் அந்நியத் துணியைப் பகிஷ்கரிக்கச் சொன்ன காலத்தில், ரண சிகிச்சை வகுப்புக்கு அணியும் அங்கியையும் கதரிலேயே அணிந்து சென்றார். ஆங்கிலப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். அதன் பலனாக எம்.பி.பி.எஸ். பட்டம் அவருக்குக் கிட்டாமல், அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். பட்டமே கிட்டியது. சென்னையில் ஆயுர்வேதக் கலாசாலையில் சிறிது காலம் போதித்துவிட்டு அமெரிக்கா சென்றார். ஹார்வர்டு சர்வகலாசாலையில் வருஷக்கணக்காக உழைத்தும் அங்கே நிரந்தரமான ஆசிரியப் பதவி அவருக்கு அளிக்கப்படவில்லை. 1940-ம் வருஷத்தில் லெடர்லி என்னும் மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். அங்கே அவரும் சகாக்களும் செய்த காரியங்களைச் சொல்லப் புகின் ஒரு புஸ்தகம் வேண்டும். ரத்தசோகைக்கு உதவும் போலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்ததும், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குப் பாஸ்டனில் டாக்டர் ஸிட்னி பார்பர் 1947-48-ல் உபயோகித்த மருந்தை அளித்ததும், ஆரியோமைஸின் வெளிவந்ததும் அக்கூடத்திலிருந்தே. ஹெட்ரஸான் என்ற பெயரில் 1947-ம் வருஷத்தில் வெளிவந்த யானைக்கால் மருந்தும் அங்கேதான் பிறந்தது. இன்று டி.இ.ஸி. என்று மூன்றெழுத்தில் நம் கிராமச் செவிலியர்கள் சொல்லும் மாத்திரை அதுவே.

இம்மருந்து கண்டுபிடிக்கப்பட்ட விதத்தில் ஒரு படிப்பினை உண்டு. கண்ணாடிக் குப்பியில் புழுக்களை விட்டு அதன்மேல் இம்மருந்தை ஊற்றினால், சாதாரண அளவில் அவை சாவதில்லை. குப்பியோடு பரிசோதனையை நிறுத்தியிருந்தால், பிரயோஜனமற்றது என்று எறிந்திருப்பார்கள். அவர்களோ இயற்கையாகவே இதையொத்த புழு குடியிருக்கும் ஒருவகைப் பருத்திக்காட்டு எலிக்கு மருந்தை ஊட்டிப் பார்த்தார்கள். எலியின் ரத்தத்தில் இருந்த குஞ்சுப் புழுக்கள் மறைந்தன. உயிருள்ள உடலின் ஒத்துழைப்போடுதான் இம்மருந்து வேலை செய்கிறது. அந்த ஒத்துழைப்பின் முழு ரகசியம் இன்றும் தெளிவாகவில்லை. எலியில் பலித்த அதே 1947-ம் வருஷத்தில் போர்ட்டோ ரிக்கோ தீவில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கும் பலித்தது. எலிக் கூண்டிலிருந்து மனித உடலுக்கு வர இம்மருந்து எடுத்துக்கொண்ட காலம் சில மாதங்களே என்பதை நேயர்கள் மனத்தில் இருத்த வேண்டும். சுப்பராவ் அவர்கள் 1948 ஆகஸ்டு மாதம் அமெரிக்காவிலேயே காலமானார்.

1947-ம் வருஷம் நாம் சுதந்திரம் பெற்ற வருஷம். கதர் அணிந்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர் தலைமையில் பிறந்த மருந்து, கதர்க்கொடி ஏறிய தேசத்துக்கு அடுத்த கப்பலிலேயே வந்திருக்க வேண்டாமா? வந்தது என்னவோ உண்மை. 1955-ம் வருஷத்தில் தேசிய யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தை இந்திய சர்க்கார் தொடங்கினார்கள். ஜனங்கள் எல்லோருக்கும் மருந்து கொடுப்பது என்பதும் அதில் ஓர் அங்கம். ஆனால் அன்றைய முறைப்படி மருந்தைத் தொடர்ந்து பல நாட்கள் விழுங்க வேண்டும். வியாதி ஒன்றும் தெரியாத மனிதனிடம் போய், "பல நாள் இதைச் சாப்பிடு" என்றார்கள். சாப்பிட்ட முதல் நாளே, உடலுக்குள் புழுக்கள் சாவதனால் சிலருக்கு ஜுரமும் தலைவலியும் வாந்தியும் கண்டன. நன்றாக இருந்தவனை நோயாளி ஆக்கிவிட்டார்களே என்று ஊர் கதவைச் சாத்திற்று. சில வருஷங்களிலேயே எல்லோருக்கும் மருந்து என்ற ஏற்பாடு கைவிடப்பட்டது. அதன்பின் பட்டணங்களில் சாக்கடைக்கு எண்ணெய் தெளிப்பதும், இரவில் ரத்தம் எடுத்துப் புழு உள்ளவரைக் கண்டு மருந்து கொடுப்பதுமாகத் திட்டம் சுருங்கிற்று. கிராமங்கள் ஏறக்குறைய விடப்பட்டன.

ஜனங்களுடைய அறியாமையே காரணம் என்று அக்காலத்து உத்தியோகஸ்தர்கள் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். நாம் அதை ஒப்புக்கொள்ள மாட்டோம். பல நாள் வைத்தியத்தை ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடப்பவனுக்காகத் தீர்மானித்தார்கள். அறுவடைக்குப் போகிறவனுக்காக எவரும் தீர்மானிக்கவில்லை. எலி முதல் மனிதன் வரை சில மாதங்களில் பாய்ந்த ஆராய்ச்சி, மனிதன் முதல் ஊர் வரை செல்லும் வழியை ஆராயவே இல்லை. ஊரும் ஆராய்ச்சிக்குரிய பொருள்தான் என்பது விஞ்ஞானிகளுக்குத் தோன்ற வெகுகாலம் சென்றது.

தோன்றிய இடத்தில் என்ன நடந்தது என்பதற்கும் நம் ராஜ்யத்திலேயே அத்தாட்சி உண்டு. க்ஷயரோகிகளை மாதக்கணக்கில் ஸானட்டோரியத்தில் வைத்தே குணப்படுத்த முடியும் என்று உலகம் நம்பிய காலத்தில், 1956-ம் வருஷம் சென்னையில் ஏற்படுத்தப்பட்ட க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையம் ஒரு கேள்வி கேட்டது. ஏழை தன் வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டால் குணமாகாதா? சென்னையின் நெருக்கமான குடிசைகளில் வசித்த நோயாளிகளைக் கொண்டே பரீட்சித்து, வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது, குடும்பத்தாருக்கும் அதனால் அபாயம் மிகுவதில்லை என்று 1959-ல் நிரூபித்தது. அதன்பின் உலகமெங்கும் ஸானட்டோரியங்களின் காலம் முடிவை நோக்கிற்று. கேள்வியை ஏழையின் வீட்டுப் படியிலிருந்து கேட்டார்கள். பதிலும் அங்கேயே கிடைத்தது.

யானைக்கால் விஷயத்தில் அக்கேள்வி தாமதமாகவே கேட்கப்பட்டது. பல நாள் மருந்துக்குப் பதில் வருஷத்துக்கு ஒரே வேளை கொடுத்தால் போதாதா? பசிபிக் தீவுகளிலும் பிறகு நம் தேசத்திலும் நடந்த பரீட்சைகள், போதும் என்றன. உடல் எடைக்கு ஏற்ப ஒரே வேளை கொடுத்தால் ரத்தத்தில் குஞ்சுப் புழுக்கள் வெகுவாகக் குறைகின்றன. கொசுவுக்கு உறிஞ்சப் புழு அகப்படுவதில்லை. பெரிய புழு சாகும்வரை, அதாவது ஐந்தாறு வருஷங்கள், வருஷந்தோறும் ஊரார் அனைவரும் இதைச் செய்தால் வியாதியின் சங்கிலியே அறுந்துவிடும். இக்கணக்கின் அழகை எவரும் மறுக்க முடியாது. இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கௌன்ஸில் 1975-ம் வருஷத்தில் புதுச்சேரியில் நிறுவிய கொசு முதலியவற்றை ஆராயும் நிலையம் இத்துறையில் செய்துள்ள உழைப்பை நாம் நன்றியோடு குறிப்பிடுகிறோம். அந்நிலையம் கடலூரிலிருந்து 20 மைல்கூட இல்லை. 1918-ம் வருஷத்தில் புதுவை எல்லையைக் கடந்து வந்த பாரதியாரைப் பிடித்துக் கடலூர்ச் சிறையில் அடைத்தார்கள். அன்று மனிதர்களுக்கு அவ்வளவு கண்டிப்பான எல்லை இருந்தது. கொசுவுக்கு அன்றும் எல்லை கிடையாது, இன்றும் கிடையாது.

பழைய தென்னாற்காடு ஜில்லா 1993-ல் இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது கடலூரைத் தலைநகராகக் கொண்ட பாகத்துக்கு வள்ளலார் பெயரை வைத்தார்கள். 1997-ல் ஜில்லாக்களுக்குப் பெரியோர் பெயர் வைக்கும் வழக்கம் எடுபட்டபோது அப்பெயரும் போயிற்று. அந்தப் பெயர் இருந்த சொற்ப காலத்துக்குள்ளேயே, 1996-97-ல், இந்திய சர்க்கார் 7 ராஜ்யங்களில் 13 ஜில்லாக்களைப் பொறுக்கி வருஷத்துக்கு ஒரு வேளை மருந்து என்ற முறையைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கினார்கள். நம் ராஜ்யத்தில் அதற்குப் பொறுக்கப்பட்டது கடலூர் ஜில்லா. 20 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் உள்ள ஜில்லா. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், கடும் நோயாளிகள் நீங்கலாக எல்லோருக்கும் மாத்திரை. வடலூரில் 1867-ல் மூட்டிய அடுப்பு பசித்தவனைத் தேடிச் சோறு போட்டதுபோல், வீடு தேடி மருந்து வந்தது.

எலிக் கூண்டிலிருந்து போர்ட்டோ ரிக்கோ நோயாளிக்குச் சில மாதங்கள். போர்ட்டோ ரிக்கோ நோயாளியிடமிருந்து கடலூர்த் திண்ணைக்கு 49 வருஷங்கள்! இதில் வெள்ளைக்காரன்மேல் குற்றம் சாட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள வழியில்லை. அந்த 49 வருஷங்களும் நம்முடைய சர்க்கார்கள் ஆண்ட வருஷங்கள்.

திண்ணைக்கு வந்த மாத்திரை வாய்க்குப் போயிற்றா? இங்கேதான் சர்க்கார் அறிக்கைகளை நாம் சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டியிருக்கிறது. "இத்தனை பேருக்கு வழங்கப்பட்டது" என்று அறிக்கை சொல்லும். ஆராய்ச்சியாளர்கள் பின்னால் வீடு வீடாகச் சென்று விசாரித்தபோது, வாங்கியவர் தொகை ஒன்றாகவும் விழுங்கியவர் தொகை அதைவிடக் குறைவாகவும் இருக்கக் கண்டார்கள். இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சிறிதன்று. மாத்திரை மாடத்தில் உறங்கிற்று, அல்லது குப்பைக்குப் போயிற்று. ஊர் ஜனத்தொகையில் நூற்றுக்கு 65 பேராவது உண்மையாக விழுங்கினால்தான் சங்கிலி அறும் என்பது நிபுணர்களின் கணக்கு. மாடத்தில் உள்ள மாத்திரை அக்கணக்கில் சேராது.

விழுங்காதவர்களை நாம் ஏசப் போவதில்லை. மாலையில் அங்கன்வாடி ஊழியரோ செவிலியரோ வந்து, பெரியவருக்கு மூன்று, சிறுவருக்கு இரண்டு, குழந்தைக்கு ஒன்று என்று எண்ணிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிறார். பாவம், அவருக்கு அன்று எத்தனை வீடுகளோ! இது எதற்கு, நோயற்ற எனக்கு ஏன், விழுங்கினால் என்ன செய்யும் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்ல அவருக்கு நேரமில்லை. இது குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை என்று யாரோ கிளப்பிய வதந்திக்கு மட்டும் எல்லோரிடமும் நேரம் இருக்கிறது. ஜுரம் வந்தால் அது மருந்து வேலை செய்வதன் அடையாளம், ஓரிரு நாளில் நீங்கும் என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் 1950-களிலேயே பாதிக் கதவுகள் திறந்திருக்கும். அந்த ஒரு வார்த்தையும் மருந்தின் பாகம்தான். அதைச் சொல்லும் வேலையை இங்கே அரசியல் ஊழியம் செய்கிறவர்களைத் தவிர வேறு யார் எடுத்துக்கொள்ள முடியும்? தேர்தல் சமயத்தில் ஒவ்வொரு வீட்டுப் படியையும் மிதிக்கத் தெரிந்தவர்கள் அல்லவா நாம்?

பிற்பாடு மருந்துகள் மேலும் வந்தன. கால்நடைகளின் குடற்புழுவுக்காகச் செய்யப்பட்ட ஆல்பெண்டஸோல், 2000-க்குப் பின் டி.இ.ஸி.யோடு சேர்ந்தது. ஜப்பானிய மண்ணிலிருந்து ஸதோஷி ஓமுரா எடுத்த நுண்ணுயிரில் பிறந்து, அவருக்கும் வில்லியம் காம்ப்பெல்லுக்கும் 2015-ல் நோபல் பரிசு வாங்கிக் கொடுத்த ஐவர்மெக்டின் மூன்றாவதாகச் சேர்ந்தது. இரவில் ரத்தம் எடுக்க வேண்டிய அவசியமின்றிப் பகலிலேயே புழுவைக் காட்டிக் கொடுக்கும் பரிசோதனை அட்டையும் வந்துவிட்டது. இவை யாவும் நல்லவையே. விழுங்குகிறவர் தொகை குறைவாக இருக்கும் இடத்தில் மூன்று மருந்தும் ஒரு மருந்தும் ஒன்றே என்று மட்டும் சொல்லி மேலே செல்கிறோம்.

மேலே செல்வது நம் நெசவாளரிடத்தில். இத்தனை மாத்திரைகளும் அவருக்கு என்ன செய்யும்? உண்மையைச் சொன்னால், ஏறக்குறைய ஒன்றும் செய்யா. மாத்திரை புழுவைக் குறைக்கும். வியாதி அவருடைய பேரனுக்கு ஒட்டாமல் காக்கும். வீங்கிவிட்ட காலை வற்றச் செய்யாது. நாட்டில் வியாதி ஒழிந்தது என்று முரசறையும் நாளிலும் அவர் கால் அப்படியே இருக்கும். ஆராய்ச்சியில் தேறிய ஜில்லாக்களில் மாத்திரை கொடுப்பதை நிறுத்திவிடலாம் என்பது விதி. சிறு குழந்தைகளின் ரத்தத்தைப் பரிசோதித்து அதை முடிவு செய்கிறார்கள். அது நியாயமான விதியே. ஆனால் மாத்திரை கொடுக்கச் செவிலியர் வருவது நின்றபின், அந்த வீட்டுப் படியை மிதிக்க வேறு யார் இருக்கிறார்?

அவருக்கும் வைத்தியம் உண்டு என்பதே இதில் வேதனையான விஷயம். பிரேஸில் தேசத்தில் ரெஸிபி நகரத்தில் வைத்தியர்கள் 1990-களில் நோயாளிகளைப் பொறுமையாகக் கவனித்து ஓர் உண்மையை வெளியிட்டார்கள். கால் மேலும் மேலும் பருப்பதற்குப் புழு மாத்திரம் காரணமன்று. நிணநீர்க் குழாய் கெட்ட காலில் விரலிடுக்குப் புண், வெடிப்பு, கீறல் வழியாகச் சாதாரணக் கிருமிகள் நுழைகின்றன. ஒவ்வொரு தடவையும் நெறி கட்டி ஜுரம் வருகிறது. ஒவ்வொரு ஜுரமும் காலை இன்னும் சற்றுப் பருக்க வைத்துவிட்டுப் போகிறது. ஆகவே அக்காலைத் தினந்தோறும் சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொண்டு கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, புண்ணுக்குக் களிம்பு தடவி, இரவில் உயர்த்தி வைத்து, வெளியே செல்லும்போது செருப்பு அணிந்தால், ஜுரம் வருவது குறைகிறது. வீக்கம் முற்றுவது தடைபடுகிறது. தொடக்க நிலையில் வற்றவும் செய்கிறது. கேரளத்தில் காசர்கோட்டில் நவீன வைத்தியத்தோடு ஆயுர்வேதத்தையும் யோகத்தையும் சேர்த்து இதே வழியில் பலன் கண்டிருக்கிறார்கள். விரை வீக்கத்துக்கோ சிறு ரண சிகிச்சை போதும்.

சோப்பு, தண்ணீர், பழந்துணி! இவற்றுக்கு எந்தக் கம்பெனியின் உரிமையும் இல்லை, கப்பல் வேண்டியதில்லை, நோபல் பரிசும் கிடைக்காது. அதனால்தானோ என்னவோ, இந்த ஆராய்ச்சி எல்லாவற்றிலும் மெதுவாக நடந்து வருகிறது. மாத்திரை விநியோகத்துக்கு நாள் குறித்து விளம்பரம் செய்யலாம். மந்திரி முதல் மாத்திரையை விழுங்கப் படம் எடுக்கலாம். ஒரு கிழவரின் காலை எப்படிக் கழுவுவது என்று அவருடைய மருமகளுக்கு உட்கார்ந்து காட்டிக் கொடுப்பதைப் படம் எடுக்க எவரும் வருவதில்லை. வியாதி முற்றியவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை என்று நம் ராஜ்ய சர்க்கார் ஏற்படுத்தியதை நாம் பாராட்டுகிறோம். ஆனால் முற்றிய பிறகு பணம் கொடுப்பதைவிட முற்றாமல் தடுக்க ஒரு வாளியும் சோப்பும் சொல்லிக் கொடுக்க ஓர் ஆளும் தருவது மலிவு என்பதைச் சொல்லப் பெரிய பொருளாதார சாஸ்திரம் தேவையில்லை.

பக்கத்துத் தேசத்தைப் பார்ப்போம். இலங்கையில் 1947-லேயே யானைக்காலுக்கென்று தனி இலாகா ஏற்படுத்தினார்கள். 2016-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அத்தேசத்தை இவ்வியாதியைப் பொது சுகாதாரப் பிரச்னை என்ற நிலையிலிருந்து ஒழித்த தேசமென்று அங்கீகரித்தது. அதற்கும் முன்பே, 2007-ல், உப்பிலேயே மருந்தைக் கலந்து ஊட்டிய சீனம் அப்பெயரைப் பெற்றது. உப்புக்காக வேதாரண்யத்துக்கு நடந்த ஜனங்கள் நாம். உப்பில் மருந்தைக் கொடுக்கும் யோசனையைச் சீனர் அளவுக்குத் துணிந்து கைக்கொள்ளவில்லை. நம் தேசிய சுகாதாரக் கொள்கை 2002-ல் 2015 என்று கெடு வைத்தது. 2015 வந்தது, போயிற்று. கெடுக்கள் ஒத்தி வைக்கப்பட்டு இப்போது 2027 என்கிறார்கள். கோர்ட்டு வாய்தாவுக்குப் பழகிய நமக்கே இது சற்று அதிகமாகத் தோன்றுகிறது.

சிதம்பரத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க இயலாது. 1929-ல் நிறுவப்பட்ட அண்ணாமலை சர்வகலாசாலையின் நிழலில் 1985-ல் தோன்றிய ராஜா முத்தையா மெடிக்கல் காலேஜ், உயர்ந்த சம்பளக் கட்டணத்தை எதிர்த்து மாணவர்கள் வாரக்கணக்கில் நடத்திய கிளர்ச்சிக்குப் பின், 2021-ல் சர்க்காரின் சுகாதார இலாகாவுக்கு மாற்றப்பட்டுக் கடலூர் ஜில்லாவின் சர்க்கார் மெடிக்கல் காலேஜ் ஆயிற்று. ஜில்லாவுக்கென்று இப்போது ஒரு சொந்த வைத்தியக் கலாசாலை உண்டு. வடக்கே புதுச்சேரியில் கொசு ஆராய்ச்சி நிலையம். தெற்கே சிதம்பரத்தில் வைத்தியக் கலாசாலை. நடுவே கடலூரில் தலைமை ஆஸ்பத்திரி. அறிவுக்கும் நோயாளிக்கும் இடையே இவ்வளவு குறுகிய தூரம் உலகத்தில் வெகு சில இடங்களிலேயே இருக்கும். அங்கே பயிலும் ஒவ்வொரு மாணவரும் ஒரு யானைக்கால் நோயாளியின் வீட்டுக்கு ஆறு மாதம் தொடர்ந்து சென்று, கால் கழுவுவதைச் சொல்லிக் கொடுத்து, ஜுரம் எத்தனை தடவை வந்தது என்று குறித்து வரும்படி ஏன் ஏற்பாடு செய்யக்கூடாது? அக்குறிப்புகளை ஒன்று சேர்த்தால் அதுவே உயர்ந்த ஆராய்ச்சி. விரை வீக்கக்காரர்களை வரிசையாக எழுதி வைத்து ஒரு வருஷத்துக்குள் சிகிச்சை செய்து முடிக்க அவ்விரண்டு ஆஸ்பத்திரிகளாலும் இயலாதா? காலேஜ் அதிகாரிகளும் சுகாதார இலாகாவும் இதற்குப் பகிரங்கமாகப் பதில் சொல்ல வேண்டுமென்று கேட்கிறோம்.

முனிசிபாலிடிகளுக்கும் ஒரு வார்த்தை. சிதம்பரத்தில் நான்கு தேர் வீதிகளுக்குப் பின்னாலுள்ள சந்துகளிலும், கடலூர் முதுநகரில் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களிலும் மழை பெய்த ஒரு வாரத்துக்குப் பின் நடந்து பார்த்தவர்களுக்குக் கியூலெக்ஸ் கொசுவின் ஜாதகம் தெரியும். சாக்கடை ஓடும்வரை கொசு இருக்கும் என்பதன்று விஷயம். சாக்கடை ஓடாமல் நிற்கும்வரை கொசு இருக்கும் என்பதே விஷயம்.

நம் ஜில்லா ஊழியர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். கடலூர், சிதம்பரம், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் வட்டாரங்களில் அவரவர் வசிக்கும் தெருவில் கால் வீங்கியவர் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குக் கால் கழுவும் முறையை எவரேனும் வந்து காட்டியிருக்கிறார்கள் என்று விசாரித்து எழுத வேண்டும். ஆட்களின் பெயர் வேண்டாம். அவர்கள் மறைத்து வைத்திருக்கும் காலை நாம் பத்திரிகையில் காட்டப் போவதில்லை. தெருவின் பெயரும் இரண்டு எண்களும் போதும். தபால் அட்டையிலேயே எழுதலாம். வந்து சேரும் எண்களை வாரந்தோறும் இப்பக்கத்தில் பிரசுரித்து, ஒரு பிரதியை ஜில்லா கலெக்டருக்கும் சுகாதார இலாகாவுக்கும் அனுப்பி வைப்போம்.